ரவுட்டரில் ‘ஆட்டோ’ சேனல்: கரண்ட் வந்த கையோடு எடுத்த முடிவு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சத்துவாச்சாரியில் அடுக்குமாடி வீடு, இரண்டாவது மாடி, ஃபைபர் இணைப்பு, ரவுட்டரில் சேனல், அதாவது வைஃபை பேசும் அலைவரிசை, ‘ஆட்டோ’வில் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில நாள் சரியாகிறது, சில நாள் முன்பைவிட மோசமாகிறது. போதாததற்கு வாசலில் மாட்டிய கேமரா வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை விடியற்காலை மூன்று மணி வாக்கில் ஆஃப்லைன் ஆகிவிடுகிறது. ஆட்டோ என்றால் அதுவே நல்ல சேனலாகப் பார்த்து மாறிக்கொள்ள வேண்டாமா, எதை வைத்து முடிவு செய்கிறது, நாமே ஒன்றைப் போட்டுவிடலாமா?

நான் பத்துப் பன்னிரண்டு வருடமாக வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வீடுகளுக்கும் லாட்ஜுகளுக்கும் வைஃபை போட்டுக் கொடுக்கிறவன். ஆட்டோ என்ற வார்த்தையை நம்பி ஏமாந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பல வீட்டு ரவுட்டர்கள் கரண்ட் வந்ததும் ஒரு தடவை சுற்றுப்புறத்தைக் கேட்கும், அந்தச் சில விநாடியில் எது காலியாகத் தெரிகிறதோ அங்கே போய் உட்காரும், அப்புறம் அடுத்த முறை அணைத்துப் போடும்வரை அசையாது. ஆகவே உங்கள் ரவுட்டர் இன்று எந்தச் சேனலில் இருக்கிறது என்பது, அது கடைசியாக எப்போது உயிர் பெற்றது, அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தில் எந்தெந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது என்பதைப் பொறுத்தது. நம் ஊரில் அந்த நேரம் பெரும்பாலும் கரண்ட் போய் வந்த நேரம். பாதி வில்லங்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆனால் சேனலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. ராத்திரி எட்டரைக்கு ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரவுட்டரில் சொருகி வேகம் பாருங்கள். கேபிளிலும் வேகம் இல்லை என்றால் தெருவில் வரும் லைனிலேயே நெரிசல், நீங்கள் எந்தச் சேனல் போட்டாலும் ஒன்றும் ஆகாது, கனெக்‌ஷன் கொடுத்தவரிடம்தான் சண்டை போட வேண்டும். கேபிளில் முழு வேகம் வந்து, கம்பியில்லாமல் மட்டும் திணறுகிறது என்றால் மேலே படியுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் புது ரவுட்டருக்கு மூவாயிரம் ரூபாய் கொடுத்த வீடுகள் எனக்கு நிறையத் தெரியும்.

இப்போது சேனல் விஷயம். வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைப் பட்டைகளில் ஓடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல்கள். இந்தப் பட்டைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது 2005 ஜனவரியில், அதனால்தான் யார் வேண்டுமானாலும் கடையில் பெட்டி வாங்கி வந்து மாட்டிக்கொள்கிறோம். பதின்மூன்று என்றதும் நிறைய இடம் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் கணக்கு அப்படி இல்லை. ஒரு சேனலின் நடுப்புள்ளிக்கும் அடுத்ததன் நடுப்புள்ளிக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு ரவுட்டர் பேசும்போது அடைக்கும் அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். பக்கத்து நாற்காலி இரண்டு மூன்றையும் சேர்த்து இழுத்துப்போட்டு உட்காருகிற ஆள் மாதிரி. ஒன்றோடொன்று உரசாமல், நடுவில் கொஞ்சம் இடைவெளியும் விட்டு உட்கார வேண்டுமென்றால் வழக்கமாக 1, 6, 11 என்ற மூன்றுதான் மிஞ்சும். அவற்றின் நடுப்புள்ளிகள் 2412, 2437, 2462 மெகாஹெர்ட்ஸ்.

சரி, 1-லும் 6-லும் ஆள் இருக்கிறார்கள், நடுவில் 3 காலியாகத்தானே இருக்கிறது, அங்கே போய்விட்டால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். போகக் கூடாது. காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆட்டோ தப்பு செய்வதும் இதே இடத்தில்தான்.

வைஃபையில் எல்லாரும் பேசுவதற்கு முன் கேட்பார்கள். வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் பேசாமல் காத்திருந்து, அவர் முடித்ததும் சிறிது நேரம் விட்டுத் தொடங்குவார்கள். ஒரே சேனலில் இருக்கிற பக்கத்து வீட்டு ரவுட்டர் பேசினால், அது வைஃபை பேச்சு என்று உங்கள் பெட்டிக்குத் தொடக்கத்திலேயே புரிந்துவிடும், மைனஸ் 82 டிபிஎம் அளவு மெலிதாக வந்தால்கூட அடங்கி நிற்கும் (டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு, மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாக ஆக சிக்னல் மெலிது). பக்கத்துச் சேனலிலிருந்து பாதி மட்டும் கசிந்து வரும் பேச்சு அப்படிப் புரியாது, வெறும் இரைச்சலாகத்தான் விழும். இரைச்சலுக்கு ஒதுங்கும் அளவுகோல் வேறு, மைனஸ் 62 டிபிஎம், அதாவது நூறு மடங்கு பலமாக வந்தால்தான் உங்கள் பெட்டி கண்டுகொள்ளும். அதற்குக் கீழே இருந்தால் யாருமே இல்லை என்று நினைத்துப் பேச ஆரம்பிக்கும், அந்தப் பக்கத்துக்காரனும் அப்படியே, இரண்டு பேச்சும் மோதி இரண்டும் வீணாகி, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கோடையில் தெருக்குழாயில் ஒரே வரிசையில் குடம் வைத்து நின்றால் நேரம்தான் ஆகும். வரிசைக்குப் பக்கவாட்டில் வந்து குடத்தை நீட்டினால் யாருக்கும் தண்ணீர் கிடைக்காது, சண்டைதான் கிடைக்கும். 3-இல் உட்காருகிறவர் 1-க்கும் 6-க்கும் நடுவே பக்கவாட்டில் குடம் நீட்டுகிறவர்.

ரவுட்டர் சேனலை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதில் பெட்டிக்குப் பெட்டி புத்தி வேறு. எல்லாவற்றுக்கும் பொதுவானது ஸ்கேன். ஒவ்வொரு ரவுட்டரும் ‘நான் இங்கே இருக்கிறேன், என் பெயர் இது’ என்று பீக்கன் என்ற சின்னச் செய்தியை வழக்கமாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை, அதாவது விநாடிக்குச் சுமார் பத்து முறை, அறிவித்துக்கொண்டே இருக்கும். புதிதாக எழுந்த பெட்டி ஒவ்வொரு சேனலிலும் அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்று கேட்டால் அங்கே யார் யார் என்று பிடிபடும். பதின்மூன்று சேனலையும் சுற்றி வர இரண்டு மூன்று விநாடி போதும்.

கேட்டதை வைத்து என்ன கணக்குப் போடுகிறது என்பதுதான் சரக்கு. வெறுமனே பெயர்களை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளும் பெட்டிகள் உண்டு: 1-இல் ஆறு பெயர், 6-இல் எட்டு, 11-இல் ஏழு, 4-இல் ஒன்றுமில்லை, ஆகவே 4. இதுதான் நான் சொன்ன பக்கவாட்டுக் குடம். அடுக்குமாடியில் ஒருவர் ரவுட்டர் 3, 4, 8, 9 என்று விசித்திரமான சேனலில் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் இந்த மாதிரி எண்ணிக்கைப் புத்திதான் காரணம். அவருக்கும் கெடுதல், இரண்டு பக்கத்துக்காரருக்கும் கெடுதல்.

நல்ல கணக்கு பெயர்களை எண்ணாது, நேரத்தை அளக்கும். லினக்ஸில் ஓடும் பல ரவுட்டர்களுக்குள் இருக்கும் ஹோஸ்ட்ஏபிடி என்ற திறந்த மென்பொருளில் இதை எவரும் படித்துப் பார்க்கலாம். அது வழக்கமாக ஐந்து முறை ஸ்கேன் செய்கிறது. ஒவ்வொரு சேனலிலும் தான் கேட்ட மொத்த நேரத்தில் காற்று எவ்வளவு நேரம் பிஸியாக இருந்தது என்று பார்த்து, அதில் தன் சொந்தப் பேச்சைக் கழித்துவிட்டு, பின்னணி இரைச்சலின் அளவையும் சேர்த்து ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு தொல்லை மதிப்பெண் போடுகிறது. உரசுகிற அக்கம்பக்கத்துச் சேனல்களின் தொல்லையையும் சேர்த்துக்கொள்கிறது. 1, 6, 11 மூன்றுக்கும் 0.8 என்ற சலுகை எண் வைத்துப் பெருக்குகிறது, அதனால் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் அந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் சாயும். இது நியாயமான கணக்கு. ஆனாலும் எவ்வளவு நல்ல கணக்காக இருந்தாலும் அது அந்த நேரத்துக் காற்றை, ரவுட்டர் இருக்கும் இடத்திலிருந்து அளந்த கணக்கு. உங்கள் ரவுட்டர் கூடத்தில் டிவி பின்னால் இருக்கிறது, நீங்கள் வீடியோ பார்ப்பது படுக்கையறையில், படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீட்டு ரவுட்டர். அந்த ரவுட்டர் உங்கள் ரவுட்டருக்குக் கேட்காது, உங்கள் போனுக்கு மட்டும் காதைக் கிழிக்கும். ஆட்டோ இதை அறிய வழியில்லை.

இப்போது கரண்ட் கதை. தோட்டப்பாளையத்தில், சி.எம்.சி.க்கு வருகிற நோயாளிகளின் குடும்பங்கள் தங்குகிற ஒரு லாட்ஜ். மூன்று மாடி, ஒன்பது ரவுட்டர். முதலாளி கூப்பிட்டு, “ஸ்பீடே இல்ல தம்பி, கொல்கத்தாவுக்கு வீடியோ கால் போட முடியலன்னு ரூமுக்கு ரூம் சண்டை” என்றார். நான் போனது கரண்ட் போய் வந்து ஒரு மணி நேரம் கழித்து. போனில் அனலைசர் ஆப்பைத் திறந்து மாடி மாடியாக ஏறினேன். கீழே வரவேற்பறையில் இருந்த இரண்டும் இன்வெர்ட்டரில் இருந்ததால் அணையவே இல்லை, ஒன்று 6-இல், மற்றது 11-இல். மேலே இருந்த ஏழும் 1-இல். ஏழுமே.

“அண்ணே, கரண்ட் வந்தப்போ ஏழும் ஒரே நேரத்துல எழுந்திருக்குது” என்றேன். அவருக்குப் புரியவில்லை, நியாயம்தான். நடந்தது இது: ஒரே மாடல் பெட்டிகள், ஒரே விநாடியில் கரண்ட், எல்லாமே ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஸ்கேன் செய்கின்றன. யாரும் இன்னும் பீக்கன் விட ஆரம்பிக்கவில்லை, ஆகவே ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. கேட்பது கீழே இருக்கும் 6-உம் 11-உம்தான். ‘ஆஹா, 1 காலி’ என்று ஏழும் தனித்தனியாக முடிவெடுத்து ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டன. ஒவ்வொரு பெட்டியும் தனக்குத் தெரிந்ததை வைத்துச் சரியான முடிவைத்தான் எடுத்தது, பலன்தான் அநியாயம். தெருவில் மற்ற லாட்ஜுகளுக்கும் அதே ஃபீடர் கரண்ட் என்பதால் அங்கேயும் இதே கூத்து.

இதற்கு மேல் ஒவ்வொரு பெட்டியிலும் சொந்தப் பெயர் ஒன்று, விருந்தினருக்கென்று கெஸ்ட் பெயர் ஒன்று. பழைய சாதனங்களுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக 2.4-இல் பீக்கனை மிக மெதுவான 1 எம்பிபிஎஸ் வேகத்தில்தான் பல பெட்டிகள் அனுப்பும். 300 பைட் பீக்கன் ஒன்று அந்த வேகத்தில் சுமார் 2.5 மில்லிவிநாடி காற்றை அடைக்கும், விநாடிக்குப் பத்து முறை என்றால் ஒரு பெயருக்கு 2.5 சதவீதம். சேனல் 1-இல் பதினான்கு பெயர். யாரும் எதுவும் பார்க்காமல் சும்மா இருக்கும்போதே சேனலில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கத்துவதிலேயே போய்விட்டது. கெஸ்ட் பெயரை எல்லாம் அணைத்து, மாடிக்கு மாடி 1, 6, 11 என்று மாற்றி மாற்றிக் கையால் போட்டு, பவரைப் பாதியாகக் குறைத்து, 5 கிகாஹெர்ட்ஸ் இருந்த பெட்டிகளில் அதைத் திறந்துவிட்டேன். புதிதாக எதுவும் வாங்கவில்லை.

உங்கள் சத்துவாச்சாரி அடுக்குமாடியிலும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். நீங்கள் தனியாக உங்கள் ரவுட்டரை மட்டும் அணைத்துப் போடும்போது மற்றவை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் நல்ல தகவலோடு முடிவெடுக்கும், சரியாகிவிடும். கரண்ட் போய் வந்த பிறகு எல்லாரும் ஒன்றாக எழுவதால் மோசமாகும். ‘சில நாள் சரி, சில நாள் மோசம்’ என்று நீங்கள் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சில ரவுட்டர்கள் எழுந்த பிறகும் சும்மா இருப்பதில்லை, அதுவும் உண்மை. அவ்வப்போது மறுபடி பார்க்கிற ரகம் உண்டு, அனுப்பும் தரவுத் துண்டுகள் (பாக்கெட்டுகள்) தொடர்ந்து வீணானால் பார்க்கிற ரகமும் உண்டு. இதில் ஒரு சங்கடம்: இருக்கிற ஒரே ரேடியோவை வைத்துத்தான் உங்களோடு பேசவும் வேண்டும், மற்ற சேனல்களைப் போய்க் கேட்கவும் வேண்டும். வேறு சேனலில் காது வைத்திருக்கும் அந்த நேரத்துக்கு உங்கள் வீடியோ கால் தொங்கும். அதனால் வீட்டில் யாரும் பயன்படுத்தாத நேரமாகப் பார்த்துத்தான் பெட்டி இந்த வேலையை வைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் அது எப்போது? விடியற்காலை மூன்று மணி. அந்த நேரத்தில் மொத்தத் தெருவும் தூங்குகிறது, எல்லாச் சேனலும் காலியாகத்தான் தெரியும். மூன்று மணிக்குக் காலியாக இருந்த சேனல் ராத்திரி எட்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதிகாலையில் ஆற்காடு ரோட்டைப் பார்த்துவிட்டு ‘டிராஃபிக்கே இல்லையே’ என்று சொல்வதுபோல.

உங்கள் கேமரா விழுவதும் இதே மூன்று மணிக்குத்தான் என்பதைக் கவனியுங்கள். ரவுட்டர் சேனல் மாறும்போது சொல்லாமல் கொள்ளாமல் போவதில்லை. ‘இன்னும் ஐந்து பீக்கனில் நான் 11-க்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள்’ என்று பீக்கனுக்குள்ளேயே எண்ணிக்கை இறங்குமுகமாக அறிவிக்கும். ஐந்து பீக்கன் என்றால் அரை விநாடி. 2003-இல் வைஃபை தரநிலைக்கு வந்த 802.11எச் என்ற திருத்தத்தில் சேர்ந்த ஏற்பாடு இது, முதலில் ஐரோப்பாவில் ரேடாருக்கு வழிவிடுவதற்காகச் செய்தது, இப்போது எல்லாச் சேனல் மாற்றத்துக்கும் பயன்படுகிறது. போன், லேப்டாப் எல்லாம் இந்த அறிவிப்பைப் படித்துச் சத்தமில்லாமல் கூடவே வந்துவிடும், உங்களுக்கு மாறியதே தெரியாது. மலிவுக் கேமராவும் ஸ்மார்ட் பல்பும் இதில் மோசம். அறிவிப்பைக் கண்டுகொள்ளாமல் பழைய சேனலிலேயே நின்று, ‘எங்கே பீக்கனைக் காணோம்’ என்று காத்திருந்து, கடைசியில் இணைப்பு போய்விட்டது என்று முடிவு செய்து மறுபடி தேட ஆரம்பிக்கும். சிலது தேடிக் கண்டுபிடிக்கும், சிலது யாராவது பிளக்கைப் பிடுங்கிச் சொருகும்வரை அப்படியே கிடக்கும். ரவுட்டர் 12-க்கோ 13-க்கோ போயிருந்தால் இன்னும் விசேஷம். அமெரிக்க விதிப்படி தயாரான சாதனங்கள் சில 11-க்கு மேல் பார்க்கவே பார்க்காது. ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தாலும் அவற்றுக்கு அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ‘13 காலியாக இருக்கிறது, அங்கே போ’ என்று யாராவது யோசனை சொன்னால், வீட்டில் கேமரா, பிரிண்டர் இருக்கிறவர்கள் கேட்க வேண்டாம்.

இந்த மறுபார்வையிலும் லாட்ஜ் பிரச்சினை வேறு வடிவில் வரும். நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் 6-இல் இருக்கிறீர்கள். இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் ‘1 காலி’ என்று கண்டுபிடித்து இரண்டும் 1-க்குத் தாவும். அங்கே நெரிசல், மறுபடி இரண்டும் 11-க்கு. குறுகிய சந்தில் எதிரே வரும் பைக்காரரும் நாமும் ஒரே பக்கம் ஒதுங்கி ஒதுங்கி நிற்போமே, அதேதான். அதனால் நல்ல பெட்டிகள் ‘புது இடம் கொஞ்சம் நன்றாக இருந்தால் போதாது, கணிசமாக நன்றாக இருந்தால்தான் நகருவேன்’, ‘ஒருமுறை நகர்ந்தால் இவ்வளவு நேரம் அசைய மாட்டேன்’ என்று பிடிவாதம் வைத்துக்கொள்ளும். பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி மாதிரி இடங்களில் நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கும் சேர்த்து ஒரு கண்ட்ரோலர் உட்கார்ந்து யார் எந்தச் சேனல் என்று பங்கிட்டுக் கொடுக்கும். வீட்டுப் பெட்டிகளுக்கு அப்படி ஒரு நாட்டாமை கிடையாது. அப்படியே நாட்டாமை இருந்தாலும், ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் நான்கு பெட்டி இருந்தால் மூன்று சேனலில் எப்படிப் பிரித்தாலும் இரண்டு பேர் ஒரே இடத்தில்தான் இருந்தாக வேண்டும்.

வைஃபை அல்லாத தொல்லைகளும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் வேலை செய்கிறது, சாதாரண வீட்டு அடுப்பு 50 ஹெர்ட்ஸ் கரண்டில் 10 மில்லிவிநாடி இரைந்து 10 மில்லிவிநாடி ஓய்கிற ரகம். நேற்றைய ஆம்பூர் பிரியாணியை இரண்டு நிமிடம் சூடு செய்யும் நேரத்தில் ரவுட்டர் ஸ்கேன் செய்தால், மேல்பக்கச் சேனல்கள் மோசம் என்று முடிவு கட்டிவிட்டு மாதக்கணக்கில் 1-இலேயே இருந்துவிடும். புளூடூத் இந்த விஷயத்தில் நம் ரவுட்டரைவிடச் சாமர்த்தியம். 79 சிறு சேனல்களில் தாவிக்கொண்டே இருக்கும், 2003-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து நெரிசலான சேனல்களைத் தானே ஒதுக்கிவிட்டுத் தாவுகிறது.

5 கிகாஹெர்ட்ஸ் வேறு உலகம், அங்கே இடம் தாராளம். இந்தியாவில் 2018 அக்டோபரில் வந்த விதிப்படி மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிடப்பட்டது. சிக்னல் சுவரைத் தாண்டச் சிரமப்படும், அதுவே அடுக்குமாடியில் நல்லது, பக்கத்து வீட்டு இரைச்சலும் நம் வீட்டுக்குள் அவ்வளவாக வராது. கோட்டைக்கு எதிர்ப்பக்கம் பழைய தெருக்களில் மெட்ராஸ் தளம் போட்ட தடிச்சுவர் வீடுகளில் ஒரு அறைக்கு மேல் போகவே போகாது, அங்கே 2.4-ஐ விட்டால் கதியில்லை.

5-இல் ஆட்டோவுக்கு ஒரு கூடுதல் கடமை இருக்கிறது. 52 முதல் 64 வரை, 100 முதல் 144 வரை உள்ள சேனல்கள் ரேடார்களோடு பங்கிட்டுக்கொள்ளும் சேனல்கள். பல நாடுகளின் வானிலை ரேடார்கள் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கின்றன. இந்தச் சேனல்களில் உட்கார விரும்பும் ரவுட்டர் முதலில் குறைந்தது 60 விநாடி வாயைத் திறக்காமல் ரேடார் துடிப்பு கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். வேலை நடக்கும்போது கேட்டால் 10 விநாடிக்குள் இடத்தைக் காலி செய்து, 30 நிமிடத்துக்கு அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. ‘ரவுட்டரைப் போட்டதும் 5ஜி பெயர் மட்டும் ஒரு நிமிடம் வரவே மாட்டேன் என்கிறது, ரிப்பேரா?’ என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான், அது கேட்டுக்கொண்டிருக்கிறது. அரக்கோணம் பக்கத்து ஆள் ஒருவர், சேனல் அடிக்கடி மாறுவதற்கு ராஜாளி கடற்படைத் தளம்தான் காரணம் என்று அடித்துச் சொன்னார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். வேறு ஏதோ இரைச்சலை ரேடார் என்று பெட்டி தப்பாக எடுத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கும். 36 முதல் 48 வரையிலோ 149 முதல் 161 வரையிலோ வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ராத்திரி எட்டரைக்கு, கூடத்தில் இல்லாமல், வீடியோ நிற்கிற அந்தப் படுக்கையறையிலேயே நின்று ஆண்ட்ராய்டு போனில் ஏதாவது வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்து பாருங்கள். 1, 6, 11 மூன்றில் எதில் மைனஸ் 75-க்கு மேல் பலமாகத் தெரியும் பெயர்கள் குறைவு என்று எண்ணுங்கள், மைனஸ் 85, 90 என்று கிடப்பவற்றை விட்டுவிடலாம். இரண்டு மூன்று ராத்திரி பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியில், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, உள்ளே போய் 2.4-க்கு அந்தச் சேனலைக் கையால் போடுங்கள். அதே பக்கத்தில் அகலம் 40 என்றோ 20/40 என்றோ இருந்தால் 20 ஆக்குங்கள். அடுக்குமாடியில் 40 போட்டு 2.4-இல் பாதிப் பட்டையை அடைப்பதால் மோதல்தான் கூடும், உங்களுக்கும் லாபமில்லை. 5-ஐ 36 அல்லது 149-இல், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வையுங்கள். டிவி, போன், லேப்டாப் எல்லாம் 5-க்குப் போகட்டும், 2.4 கேமராவுக்கும் தூரத்து அறைக்கும் மட்டும் இருக்கட்டும். இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் தற்காலிகமாகவாவது தனித்தனிப் பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் எந்தப் போன் எதில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை. சுற்றி இரண்டு ரவுட்டர் இருந்தால் அதிகம், ஆட்டோவே போதும். ரவுட்டருக்கென்று கடைகளில் விற்கிற 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று மாட்டினால் கரண்ட் போகும்போதெல்லாம் புதுசாகச் சேனல் தேடுகிற வேலையும் மிச்சம், அடுக்குமாடிக்காரர்களுக்கும் அது நல்ல செலவுதான்.

கேமராவைப் பொறுத்தவரை, சேனலைக் கையால் போட்ட பிறகு ஒரு தடவை அதன் பிளக்கைப் பிடுங்கிச் சொருகுங்கள், அப்புறம் இரண்டு வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் மூன்று மணிக்கு விழுந்தால் சேனல் காரணமாக இருக்காது, ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட்டுக்காகவோ வேறு எதற்காகவோ ராத்திரியில் ரவுட்டரே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கலாம். ரவுட்டரின் சிஸ்டம் லாக்கில் எத்தனை மணிக்கு எழுந்தது என்று பதிவாகியிருக்கும், அந்த நேரத்தையும் கேமரா விழுந்த நேரத்தையும் ஒத்துப் பாருங்கள்.